சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பிளஸ்-2 தேர்வு முடிந்தது. மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு லாப்டாப் வாங்கவேண்டும்.

வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் ஆண்டுதோறும் கேட்கும் பேச்சு இது.

அப்பாவின் கையில் இருப்பது நெல் விற்ற பணம். அல்லது சீட்டு எடுத்த பணம். அல்லது அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய பணம்.

அந்த நேரத்தில் மகன் செல்போனை நீட்டுகிறான்.

"அப்பா, கடையில் 48 ஆயிரம் ரூபாய் சொன்னார்கள். அதே லாப்டாப் இங்கே பாருங்கள், 38 ஆயிரம்தான்! வெளிநாட்டு ஆன்லைன் சந்தை. தள்ளுபடி இன்று இரவோடு முடிகிறது."

10 ஆயிரம் ரூபாய் மிச்சம்! அடகு வைத்த வளையலில் ஒன்றை மீட்டுவிடலாம். அம்மாவுக்கும் ஆசை வருகிறது.

இந்த 10 ஆயிரம் உண்மையாகவே மிச்சம்தானா? வாங்கு என்று பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி

இந்தியாவில் லாப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். அதாவது 100 ரூபாய் சரக்குக்கு 18 ரூபாய் வரி.

புதுச்சேரி கடைக்காரர் 48 ஆயிரம் என்று சொல்லும்போது, அந்த வரியும் அதற்குள் அடங்கிவிடுகிறது. வரியைக் கழித்துவிட்டால், லாப்டாப்பின் சொந்த விலை சுமார் 40 ஆயிரத்து 678 ரூபாய்தான்.

வெளிநாட்டுச் சந்தை காட்டும் 38 ஆயிரத்தில் இந்திய வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அது பிறகு வரும்.

அப்படியானால் உண்மையான தள்ளுபடி எவ்வளவு? 10 ஆயிரம் அல்ல. 2 ஆயிரத்து 678 ரூபாய்தான்!

வரி சேர்ந்த விலையையும் வரி சேராத விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. உமியோடு நிறுத்த நெல்லையும், உமி நீக்கிய அரிசியையும் ஒரே தராசில் வைத்தது போல.

கணக்கு என்ன சொல்கிறது?

லாப்டாப் விலை 38 ஆயிரம் ரூபாய். விமானத்தில் அனுப்பும் கூலியும் இன்சூரன்சும் 2 ஆயிரத்து 500 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 40 ஆயிரத்து 500.

சுங்க இலாகா வரி போடுவது வெறும் லாப்டாப் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் கூலியையும் இன்சூரன்சையும் சேர்த்த தொகைக்கு வரி போடுகிறது. ஆகவே 40 ஆயிரத்து 500-க்கு 18 சதவீதம் வரி. அது 7 ஆயிரத்து 290 ரூபாய். இப்போது மொத்தம் 47 ஆயிரத்து 790.

அடுத்து பாங்கி. ரூபாயை டாலராக மாற்றிக் கொடுப்பதற்குப் பாங்கி தனிக் கட்டணம் வாங்கும். இது பாங்கிக்குப் பாங்கி மாறும். 3 சதவீதம் என்று வைத்தால் 1,215 ரூபாய்.

பிறகு கூரியர் கம்பெனி. சுங்கத்தில் பார்சலை விடுவித்துக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு கட்டணம் கேட்கும். 600 ரூபாய் என்று வைக்கலாம்.

எல்லாம் கூட்டினால் 49 ஆயிரத்து 605 ரூபாய்!

உள்ளூர்க் கடையில் 48 ஆயிரத்துக்குக் கிடைப்பது, உலகத்தைச் சுற்றிவந்து 1,605 ரூபாய் கூடுதலாகிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

38 ஆயிரம், 49 ஆயிரத்து 605 ஆனது எப்படி? ஏறக்குறைய 100-க்கு 30 ரூபாய் மேலே ஏறியிருக்கிறது. ஆகவே வெளிநாட்டு விலையைப் பார்த்தவுடன், முதல் வேலையாக 100-க்கு 30 வீதம் கூட்டிக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகும் குறைவாக இருந்தால்தான் அது மலிவு.

சுங்கத் தீர்வை இல்லையா?

லாப்டாப்புக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மை.

1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தது. கம்ப்யூட்டர் போன்ற சாமான்களுக்குத் தீர்வையை ஒழிப்பது என்று பல நாடுகள் அங்கே ஒப்பந்தம் செய்துகொண்டன. 1997-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

ஆனால் அந்த ஒப்பந்தம் சுங்கத் தீர்வையைத்தான் நீக்கியது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்கவில்லை. இறக்குமதியாகும் சரக்குக்கும் அது உண்டு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சுங்க இலாகாவில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எண் உண்டு. லாப்டாப்புக்கு 8471. சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சல்களுக்கு 9804 என்று தனி எண் இருக்கிறது. அந்த எண்ணில் கணக்கிட்டால் வரி கூடும். எந்த எண்ணில் கணக்கிடுவார்கள் என்று கூரியர் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லை தாண்டினால் விலை மாறும்

இது புதுச்சேரி மக்களுக்குப் புதிய பாடம் அல்ல.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் எல்லை வளைந்து நெளிந்து கிடந்தது. ஒரு ஊர் பிரெஞ்சு மண். அடுத்த ஊர் இந்திய மண்.

1941-ல் இரு தரப்புக்கும் இடையே சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டது. 1949-ல் அது முடிவுக்கு வந்தது. அதன் பிறகு எல்லையில் சுங்கக் காவல் கடுமையாயிற்று. பிரெஞ்சு எல்லைக்குள் வெளிநாட்டுச் சரக்கு மலிவு. அதே சரக்கு எல்லையைத் தாண்டினால் தீர்வை!

1954 அக்டோபர் 18-ந் தேதி வில்லியனூருக்கு அருகே உள்ள கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி மாறியது. ஊர் எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகள் மறைந்தன.

இன்று அந்தச் சாவடி ஊர் எல்லையில் இல்லை. விமான நிலையத்திலும் அயல்நாட்டுத் தபால் அலுவலகத்திலும் இருக்கிறது. செல்போன் திரையில் மட்டும் அது தெரிவதில்லை. அதுதான் வித்தியாசம்.

2023 ஆகஸ்டு 3

லாப்டாப்பை வெளிநாட்டிலிருந்து தருவிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

2023 ஆகஸ்டு 3-ந் தேதி மத்திய அரசாங்கம் திடீரென்று ஒரு உத்தரவு போட்டது. லாப்டாப், டேப்லெட், சர்வர் ஆகியவற்றை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்யக்கூடாது என்பது உத்தரவு.

உள்நாட்டில் உற்பத்தி பெருகவேண்டும், நாட்டின் பாதுகாப்புக்கும் பங்கம் வரக்கூடாது என்று காரணம் சொல்லப்பட்டது. அதே ஆண்டு மே மாதம்தான், கம்ப்யூட்டர் தயாரிப்புக்கு ஊக்கத் தொகையாக 17 ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்திருந்தது.

உத்தரவைக் கண்டு கம்பெனிகள் திகைத்தன. மறுநாளே அரசாங்கம் அதைத் தள்ளிவைத்தது. பிறகு, இறக்குமதி செய்யும் கம்பெனிகள் கம்ப்யூட்டர் வழியாகப் பதிவு செய்து அனுமதி பெறும் முறை வந்தது.

ஆனால் அந்த உத்தரவிலேயே சாதாரண மக்களுக்கு ஒரு சலுகை இருந்தது. தபாலிலோ கூரியரிலோ ஒரே ஒரு லாப்டாப் வாங்கிக்கொள்ள உரிமம் தேவையில்லை. ஆன்லைன் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். உரிய வரியைக் கட்டவேண்டும்.

ஆகவே ஒரு லாப்டாப் வாங்குவது குற்றம் அல்ல. வரி இல்லாமல் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

பழைய லாப்டாப் விஷயம் வேறு. செப்பனிட்ட லாப்டாப் பாதி விலை என்று பல சந்தைகள் ஆசை காட்டும். உபயோகித்த கம்ப்யூட்டர்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. அதற்கு உரிமம் வேண்டும். பழைய சரக்கு சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் மீட்பது கடினம்.

"பரிசு" என்று எழுதினால்?

பார்சல் மேல் பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா? முன்பு சிறு பரிசுகளுக்கு வரி விலக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு விற்பனைச் சரக்குகளையே பரிசு என்ற பெயரில் சில வெளிநாட்டுக் கடைகள் அனுப்பின. 2019 டிசம்பரில் அரசாங்கம் அந்த வாசலை மூடிவிட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு மிஞ்சியது.

ஆனால் நேர்மையான வழி ஒன்று திறந்தே இருக்கிறது.

18 வயது நிரம்பிய ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது, தம் பெட்டியில் ஒரு லாப்டாப்பை வரி இல்லாமல் கொண்டுவரலாம். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ உண்டு. விடுமுறையில் வரும்போது அவர்கள் ஒன்று வாங்கிவந்தால், அது உண்மையிலேயே மிச்சம்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. பிரான்சில் விற்கும் லாப்டாப்பின் விசைப்பலகை வேறு மாதிரி இருக்கும். இந்தியாவில் முதல் வரிசை க்யூ எழுத்தில் தொடங்கும். அங்கே ஏ எழுத்தில் தொடங்கும். கல்லூரி கம்ப்யூட்டர் அறையில் ஒரு விதம், வீட்டில் ஒரு விதம் என்றால் பையன் விரல் தடுமாறும். வாங்குமுன்பே மாமாவிடம் சொல்லிவிடவேண்டும்.

பழுதானால் யாரிடம் போவது?

பணக் கணக்கை விடப் பெரியது இந்தக் கேள்வி.

லாப்டாப் வந்து 3 மாதம் ஆகிறது. திரையில் கோடு விழுகிறது. புதுச்சேரி சர்வீஸ் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார் அப்பா. அங்கே எண்ணைப் பார்த்துவிட்டு, "இது இந்தியாவில் விற்றது அல்ல. வாங்கிய நாட்டில்தான் உத்தரவாதம் செல்லும்" என்று சொல்லிவிட்டால்?

சில கம்பெனிகள் உலகம் முழுவதும் உத்தரவாதம் தருகின்றன. பல மாடல்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே உத்தரவாதம். அதை முன்பே படித்துப் பார்க்கவேண்டும்.

திருப்பி அனுப்பலாம் என்றால் அதிலும் சங்கடம். லாப்டாப்பில் லித்தியம் பாட்டரி இருக்கிறது. தீப்பிடிக்கும் அபாயம் உள்ளதால் விமானத்தில் ஏற்ற அதற்குத் தனி விதிகள் உண்டு. அனுப்பும் செலவு நம் தலையில் விழலாம். சுங்கத்தில் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதும் எளிதல்ல.

சட்டம் துணைக்கு வராதா? வரும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2020-ல் வந்த ஆன்லைன் வியாபார விதிகள், இந்திய மக்களுக்குத் தொடர்ந்து சரக்கு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும்.

ஆனால் தீர்ப்பு வாங்குவது ஒன்று. கடல் கடந்த கடைக்காரரிடம் பணத்தை வசூலிப்பது இன்னொன்று. புதுச்சேரி கடைக்காரர் நாளைக்கும் அதே தெருவில்தான் கடை திறப்பார். வெளிநாட்டுச் சந்தையில் சரக்கு விற்றவர் நாளைக்குப் பெயரையே மாற்றிக்கொள்ளக்கூடும்.

சந்தையே காணாமல் போனதும் உண்டு. சீனாவின் அலிஎக்ஸ்பிரஸ் சந்தையில் இந்தியர் பலர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2020 நவம்பர் 24-ந் தேதி 43 செல்போன் செயலிகளை மத்திய அரசாங்கம் தடை செய்தது. அதில் அலிஎக்ஸ்பிரசும் ஒன்று.

"சுங்க அதிகாரி பேசுகிறேன்!"

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பார்சலுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு ஒரு போன் வருகிறது.

"உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. உடனே 12 ஆயிரம் ரூபாய் அனுப்புங்கள். இல்லாவிட்டால் வழக்கு!"

உண்மையாகவே பார்சலை எதிர்பார்ப்பவர் நம்பிவிடுவார். பயத்தில் பணத்தை அனுப்பிவிடுவார்.

சுங்க இலாகா யாரிடமும் தனி ஆளின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. அதன் கடிதங்களில் "டின்" என்ற அடையாள எண் இருக்கும். 2019 நவம்பர் 8-ந் தேதி முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. அந்த எண் உண்மையா என்று மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

50 ஆயிரம் ரூபாய் லாப்டாப் 9 ஆயிரம் ரூபாய் என்று விளம்பரம் வந்தால், அங்கே நின்று யோசிக்கவேண்டும். செய்கூலிக்கும் கட்டாத விலையில் யாரும் விற்கமாட்டார்கள். அது கடையே அல்ல, வலை!

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தைப் பாங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு. சரக்கில் குறை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கம்ப்யூட்டர் செய்த ஊர்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு.

வெளிநாட்டுச் சந்தையில் கம்ப்யூட்டர் தேடுகிற வில்லியனூர்க்காரர் வீட்டுக்கு அருகிலேயே கம்ப்யூட்டர் தயாரிக்கப்பட்டது. வில்லியனூரை அடுத்த சேதராப்பட்டில் எச்.சி.எல். கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆலை இருந்தது. வரிச் சலுகையை நாடிப் பல கம்பெனிகள் புதுச்சேரிக்கு வந்தன. லெனோவோ கம்பெனிக்கும் புதுச்சேரியில் ஆலை உண்டு. அங்கே ஆண்டுக்கு 50 ஆயிரம் ஏ.ஐ. சர்வர்கள் செய்யப்போவதாக 2024 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அறிவித்தது.

உள்நாட்டில் விற்கும் லாப்டாப்புக்குத் தரப் பதிவும் உண்டு. மத்திய அரசாங்க உத்தரவுப்படி, லாப்டாப்பும் அதன் சார்ஜரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவாகியிருக்கவேண்டும்.

என்ன செய்யலாம்?

வெளிநாட்டுச் சந்தை எப்போதுமே கூடாது என்பது அல்ல. இந்தியாவில் கிடைக்காத மாடல் தேவைப்படலாம். வரியும் கூலியும் கூட்டிய பிறகும் விலை குறைவாக இருக்கலாம். அப்போது வாங்குவதில் தவறில்லை.

அப்படி வாங்குகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

விலையில் இந்திய வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில சந்தைகள் வரியையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு தாங்களே கட்டிவிடுகின்றன. அப்படியானால் கடைசியில் காட்டும் தொகைதான் உண்மை விலை.

உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை, விற்பவரிடம் மட்டும் கேட்டால் போதாது. லாப்டாப் தயாரித்த கம்பெனியிடம் கேட்கவேண்டும்.

கிரெடிட் கார்டில் பணம் கட்டினால், சரக்கு வராதபோது பாங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டு. முன்பின் தெரியாதவர் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டால் அந்த வழி இல்லை. சில வெளிநாட்டுக் கடைகளில் ஓ.டி.பி. எண் கேட்காமலேயே பணம் போய்விடும். ஆகவே வாங்கி முடிந்தவுடன், கார்டின் வெளிநாட்டு உபயோகத்தை நிறுத்திவைக்கவேண்டும்.

சுங்கத்தில் பார்சலை விடுவிக்க ஆதார், பான் போன்ற அடையாளம் கேட்பார்கள். அதைக் கூரியர் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டுமே கொடுக்கவேண்டும். போனில் வரும் இணைப்பைத் தொட்டுக் கொடுக்கக்கூடாது.

இன்று இரவோடு தள்ளுபடி முடிகிறது என்றால், முடியட்டும். தீபாவளிக்கு இன்னொரு தள்ளுபடி வரும்.

படிப்பின் கருவி

பாகூர் படிப்புக்குப் பெயர் போன மண். 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு 3 ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. அந்தச் செய்தி செப்பேட்டில் வெட்டப்பட்டிருக்கிறது. படிப்புக்கு நிலத்தைக் கொடுத்தார்கள் அன்று. படிப்புக்கு வளையலை அடகு வைக்கிறார்கள் இன்று.

அந்தப் பணம் சாதாரணப் பணம் அல்ல. 4 ஆண்டுகள் பையனோ பெண்ணோ அந்த லாப்டாப்பை வைத்துத்தான் படிக்கவேண்டும். தேர்வு நேரத்தில் அது நின்றுபோனால், வாங்கும்போது மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் உதவிக்கு வராது.

செல்போனைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவும் மகனும் தாளில் கணக்கைப் போட்டு முடிக்கட்டும். மறுநாள் காலை பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், 2 கடைகளில் விசாரித்து, பில்லும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்கட்டும்.

திரையில் தெரிவது சுண்டைக்காயின் விலை. வீட்டுக்கு வந்து சேரும்போது தெரிவதுதான் சுமைகூலி. இரண்டையும் கூட்டிப் பார்க்கிறவர் ஏமாறுவதில்லை.